மலைப்பாதையில் கார் பள்ளத்துக்குப் போனால்

சனிக்கிழமை விடிந்தால் மதுரை வண்டிகள் கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் போடிமெட்டுக்கும் கிளம்பிவிடும். சமவெளியில் ஓட்டிப் பழகிய கால், மலை இறங்கும்போதும் பிரேக்கிலேயே கிடக்கும். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேடும் டிஸ்க்கும் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்தக் கணக்கே 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, 155. கொதித்ததும் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜின் கியரில் உருளும்போது பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில்தான் குடிக்கும்.

பிரேக் பிடிக்காமல் போனால் பெடலை வேகவேகமாக மூன்று நான்கு முறை அடித்துப் பாருங்கள். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். சாவியைத் திருப்பி எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதற்கும் நிற்கவில்லையென்றால் மலைப்பக்கமாகக் கொண்டுபோய்ச் சக்கரத்தை வடிகாலில் இறக்குங்கள், அல்லது பாறைச் சுவரில் பக்கவாட்டில் உரசவிடுங்கள். நேராக மட்டும் முட்டாதீர்கள். தகரம் போனால் போகட்டும்.

விளிம்பைத் தாண்டி முன்சக்கரம் தொங்கி நிற்கும் நிலையில்தான் பெரும்பாலும் தவறான வரிசையில் இறங்குகிறார்கள். பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் கதவு கைக்கெட்டும் தூரத்தில், அதுவும் சாலைக்கு மேலேயே இருப்பதால் முதலில் குதித்துவிடத் தோன்றும். அவர்கள் எடைதான் அப்போது வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இறங்கினால் முன்பக்கம் கனத்துவிடும். ஆகவே பின்னால் இருப்பவர்கள் அசையக்கூடாது. முன்னால் இருப்பவர்கள் பெல்ட்டைக் கழற்றி, சீட்டைச் சாய்த்து, ஒவ்வொருவராகப் பின்னுக்கு ஊர்ந்து வரவேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு. முன்னிருந்து வந்தவர்கள் முதலில் இறங்கட்டும். பின்சக்கரம் தொங்கினால் இதையே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

உருண்டே போனால் காப்பது பெல்ட்தான், பின்சீட்டிலும். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாமல் மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி தலைகீழாக நின்றுவிட்டால் அவசரப்பட்டு பெல்ட்டை விடுவிக்காதீர்கள். மொத்த உடம்பும் கழுத்தின் மேல் விழும். ஒரு கையைக் கூரையில் அழுத்தி ஊன்றி, காலை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்து, தாடையை மார்பில் ஒட்டிவைத்து, பிறகு மறு கையால் கழற்றுங்கள். பக்கக் கண்ணாடியை மூலையில் அடித்தால் பொடியாகும். முன்கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பதால் விரிசல் விழுமே தவிர வழி விடாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வெளியே வந்ததும் ரத்தப்போக்கைப் பாருங்கள். பீறிடும் காயத்தில் சுத்தமான துண்டு, துப்பட்டா எதுவானாலும் மடித்து வைத்து முழு எடையையும் கொடுத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காதீர்கள். கை, காலில் அதற்கும் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல், மூன்று விரல் அகலத் துணியைக் கட்டி, ஸ்பேனரைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இடையில் தளர்த்தக்கூடாது. சேலைக் கரையையோ கயிற்றையோ மெல்லிசாகக் கட்டினால் சதையை வெட்டுமே தவிர ரத்தம் நிற்காது. கழுத்து, முதுகு வலிக்கிறது என்பவரை, தீயோ மேலும் சரியும் ஆபத்தோ இருந்தால் ஒழிய நகர்த்தாதீர்கள். எல்லோரையும் போர்த்திவிடுங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும். கொடைக்கானல் மேல்மலையில் ராத்திரிக் குளிர் அதற்குப் போதும்.

சிக்னல் இல்லையே என்று போனை உள்ளே வைத்துவிடாதீர்கள். உங்கள் சிம்முக்குக் கோபுரம் எட்டாவிட்டாலும் 112-க்கு அடித்தால், அங்கே வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் அதன் வழியாகப் போகும். பேச்சு எட்டாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் நுழைந்துவிடும். ‘டம்டம் பாறைக்குக் கொஞ்சம் கீழே’ என்றால் ஆம்புலன்ஸ்காரர் தேடிக்கொண்டிருப்பார். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், மேகமலையில் 18. வளைவு எண்ணையும் மைல்கல்லையும் கவனித்துக்கொண்டே ஓட்டுவது இதற்கு உதவும். மஞ்சள் தலைக் கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை என்பதையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் இருக்காது.

மேலே சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குப் புதருக்குள் கிடக்கும் கார் தெரியவே தெரியாது. நடக்க முடிகிற ஒருவர் மட்டும் ஏறட்டும். நேர்மேலே ஏறாமல் சாய்வாக ஏறட்டும், அவர் கால்பட்டு உருளும் கல் கீழே இருப்பவர் தலைக்குத்தான் வரும். சாலையைத் தொட்டதும் தடுப்புக் கல்லில் பளிச்சென்ற துணியைக் கட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்து மும்மூன்று முறையாக ஹாரனோ டார்ச்சோ அடிக்கலாம். இருட்டியபின் காட்டுமாடு நடமாடும் சரிவில் ஆளுக்கொரு பக்கம் வழி தேடுவது இரண்டாவது விபத்து.

உதவ நிற்பவர் போலீஸ், கோர்ட் என்று தயங்கினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது என்று சொல்லுங்கள். செலவைப் பற்றி யோசித்து நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு வகுத்த வரம்புவரை பணம் கேட்கமாட்டார்கள். கீறல்கூட இல்லாமல் நடந்து வந்தவரையும் ஏற்றி அனுப்புங்கள். வயிற்றின் குறுக்கே பெல்ட் தடம் சிவந்திருந்தாலோ, தோள்பட்டை காரணமில்லாமல் வலித்தாலோ, உள்ளே ரத்தம் கசியலாம். அவருக்கு டாக்டர் பார்க்கும்வரை டீயும் கொடுக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள்.