மூன்றாவது விநாடியில் ஒரு 'டக்'

ஸ்விட்சைப் போட்டு இரண்டு, மூன்று விநாடி கழித்து ஆம்ப்ளிஃபயருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மைக் செட் தொழிலில் இருக்கிறவர்கள் பலர் அதைக் காதில் வாங்குவதே இல்லை. பந்தல்காரர் கழி நட்டுக்கொண்டிருப்பார், ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும், கோயில் தர்மகர்த்தா "இன்னும் பாட்டுப் போடவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அமளியில், ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் பாக்ஸோடு இணைக்கும் ரிலே என்ற மின்காந்த ஸ்விட்ச் ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன? எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நான் ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவன். அப்பாவுக்கு விசைத்தறி. ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்தும் ஒரு கம்பி உண்டு. அது சரியாக வேலை செய்யாத தறியில் துணி நெய்வதைவிடச் சும்மா இருக்கலாம் என்பார் அப்பா. ஐடிஐ முடித்துக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கம்பியை நான் மறந்துவிட்டிருந்தேன்.

கடை அண்ணன் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சாலிடர் பிடிக்க அல்ல, மைக்கா வைக்க. அப்போது மேசையெல்லாம் 2என்3055. இரும்புத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர். அதன் உடம்பே கலெக்டர் என்ற மின்முனை என்பதால், சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கில் நேராகத் திருகினால் மின்சாரம் அலுமினியம் முழுக்க ஓடிவிடும். நடுவில் மெல்லிய மைக்காத் தகடு, இருபுறமும் வெள்ளைப் பேஸ்ட். பேஸ்ட்டை வெண்ணெய் மாதிரி அப்பியதற்காகத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். மைக்காவுக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள காற்றை வெளியேற்றத்தான் அது. பூச்சு தடித்தால் அதுவே சூட்டைத் தடுக்கும் போர்வையாகிவிடும்.

சூடு இந்தத் தொழிலின் பாதி. 2என்3055 தாங்கும் என்று தாளில் போட்டிருப்பது 115 வாட். ஆனால் அது டிரான்சிஸ்டரின் உடம்பு 25 டிகிரியில் இருக்கும்போதுதான். சித்திரை மாதத்தில் ஈரோட்டில் எந்தப் பொருள் 25 டிகிரியில் இருக்கிறது? உடம்பு 100 டிகிரிக்குப் போனால் அதே டிரான்சிஸ்டரின் தாங்குதிறன் சுமார் 66 வாட்டாகச் சுருங்கிவிடும். இதைச் சொன்னால் மைக் செட்காரர்கள் நம்புவதில்லை. "நூற்றுப் பதினைந்து என்று சொல்லித்தானே விற்றீர்கள்?" என்பார்கள்.

வெளியீட்டுப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதை அண்ணன் மரம் அறுப்பதை வைத்து விளக்கினார். பெரிய ரம்பத்தின் இருமுனையிலும் இருவர். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் முடித்ததும் இவர் இழுக்க வேண்டும். ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை அதன் ஜோடியும் இழுக்கின்றன. இதில் கஷ்டம் கைமாறும் இடத்தில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ள, அதன் மற்ற இரு முனைகளான பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும். அதுவரை ஒருவரும் இழுப்பதில்லை, ரம்பம் திக்குகிறது. சன்னமான குரலில் கரகரப்பாகக் கேட்பது இந்தத் திக்கல்தான். ஆகவே இருவரையும் எப்போதும் அரைத் தூக்கத்தில் வைத்திருக்கக் கொஞ்சம் மின்னோட்டத்தைச் சும்மாவே ஓட விடுகிறோம். அதற்குப் பெயர் பயாஸ். மிகையாக வைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிராக இழுப்பார்கள். மரம் அறுபடாது, வியர்வை மட்டும் கொட்டும்.

பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் திருகைத் திருப்பி, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட் வைத்தால் 45 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். வைத்துவிட்டு மூடியைப் போட்டுவிட முடியாது. சூடு ஏற ஏற டிரான்சிஸ்டருக்கு வேண்டிய அந்த 0.6 வோல்ட், டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறைந்துகொண்டே போகும். பயாஸ் மட்டும் அப்படியே நின்றால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மறுபடியும் மின்னோட்டம். இந்தச் சுழலை நிறுத்தத்தான் பயாஸைத் தீர்மானிக்கும் சின்ன டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்கிலேயே திருகி வைக்கிறார்கள். பெரியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் காய்ச்சல் வந்து, வோல்ட்டைக் குறைத்துக்கொடுக்க வேண்டும். முதல் வருடத்தில் ஒரு ரிப்பேர் முடித்துவிட்டு அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைத் திருகாமல் அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டேன். கடையில் நன்றாகப் பாடிய செட், சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் செத்தது. அதற்குக் குட்டு இல்லை, சம்பளத்தில் பிடித்தம்.

பிறகு 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடிகள் வந்தன. 230 வோல்ட் தாங்கக்கூடியவை. மேசையில் 2என்3055 அபூர்வமாயிற்று. போலிகளும் கூடவே வந்தன. செத்த ஒன்றை வெட்டிப் பார்த்தால், உள்ளே இருக்கிற சில்லு பொட்டு அளவுகூட இராது. எழுத்து மட்டும் அசலைவிடத் தெளிவாக அச்சாகியிருக்கும்.

மைக் செட்காரர்களோடு நான் ஓயாமல் போடும் சண்டை ஒன்று உண்டு. அது வள்ளிக் கும்மியால் வந்தது. இந்தப் பக்கத்தில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் அரங்கேற்றம். ஒரே நிறச் சேலையில் நூறு, இருநூறு பெண்கள் வட்டமாக ஆட, ஆசிரியர் வள்ளி முருகன் கதையை மணிக்கணக்கில் பாடுவார். ஒயில் கும்மிக்காகக் கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்ததிலிருந்து மதிப்பும் கூடியிருக்கிறது. எனக்கும் வேலை கூடியிருக்கிறது. கும்மி முடிந்த மறுநாள் காலையில் செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் சொல்வது ஒன்றேதான்: "பாதிக்கு மேல் வால்யூம் வைக்கவே இல்லை. எப்படி எரியும்?"

பாதியில் வைத்ததால்தான் எரிந்தது. கூட்டல், கழித்தல் போட்டால் தெரியும். பிளஸ் பக்கம், மைனஸ் பக்கம் என்று தலா 42 வோல்ட் சப்ளை, 8 ஓம் பாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு எதுவும் இல்லாத கணக்கில், முழு வீச்சில் பாக்ஸுக்கு 110 வாட் போகும்போது சப்ளையிலிருந்து எடுப்பது 140 வாட். மிச்சம் 30 வாட் டிரான்சிஸ்டர் ஜோடியில் சூடாகிறது. வால்யூமைக் குறைத்துப் பாக்ஸுக்கு 45 வாட் மட்டும் அனுப்பினால், ஜோடியில் சூடாவதும் 45 வாட்! டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் மேல் வோல்ட் நிற்பதில்லை. அரைகுறையாகத் திறந்திருக்கும்போதுதான் பாதி வோல்ட்டைத் தன் தலையில் தாங்கிக்கொண்டு மின்னோட்டத்தையும் கடத்துகிறது. சினிமாப் பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு, மூச்சு விட இடம் கிடைக்கும். கும்மியில் கிடைக்காது. ஒரே மட்டத்தில் நான்கு மணி நேரம். போதாக்குறைக்கு இரண்டு பாக்ஸ் போதாது என்று நான்கை இணையாகக் கோர்த்து 8 ஓமை 2 ஓமாக்கியிருப்பார்கள். நான் தாளில் எழுதிக் காட்டுவேன். அவர் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "சரி, எவ்வளவு ஆகும்?" என்பார்.

ஃபியூஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபியூஸ் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஃபியூஸ் கம்பி சூடாகி உருகுவதற்குள், குன்றிமணி அளவு சிலிக்கான் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். ஃபியூஸ் காப்பாற்றுவது டிரான்ஸ்ஃபார்மரையும், ஒயரையும், மேலே வேய்ந்திருக்கிற தென்னை ஓலைப் பந்தலையும். டிரான்சிஸ்டரைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும். எமிட்டர் ரெசிஸ்டரில் விழுகிற வோல்ட்டில் ஒரு பங்கை இன்னொரு சின்ன டிரான்சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் பெரியவருக்குப் போகும் உத்தரவையே திருப்பிவிடும். நல்ல வடிவமைப்பில் அது மின்னோட்டத்தை மட்டுமல்லாமல் டிரான்சிஸ்டரின் மேல் நிற்கும் வோல்ட்டையும் சேர்த்தே பார்க்கும். பாக்ஸ் என்பது வெறும் ரெசிஸ்டர் இல்லை. அதில் மின்னோட்டமும் வோல்ட்டும் கைகோர்த்து நடப்பதில்லை. வோல்ட் பூஜ்யத்தில் இருக்கும் நேரத்திலும் மின்னோட்டம் ஓடலாம், அப்போது முழுச் சப்ளையும் டிரான்சிஸ்டரின் தலையில். இந்த ஏற்பாடு குறுக்கிடும்போது பாட்டு வெடுக்கென்று கரகரக்கும். அது பிடிக்காமல் அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைக் கழற்றச் சொல்லி வருகிறவர்கள் உண்டு.

ரிலே காப்பாற்றுவது பாக்ஸை. இதைத்தான் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

2003 பங்குனியில், கோபிக்கு அருகே ஒரு கிராமத்தில் மாரியம்மன் பண்டிகை. கம்பம் நட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குச் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அரை மணி நேரம் பாடுகிறதாம், 'டக்' என்று நின்றுவிடுகிறதாம், ஆறவிட்டால் மறுபடி பாடுகிறதாம். அண்ணன் ஊரில் இல்லை. நான் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே பாடியது. ரிலேதான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, அதன் இரண்டு காலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அவர் என் தோளைத் தட்டி ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரிலே கெடவில்லை. வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பும் பின்னூட்டப் பாதையில், மண்ணோடு (எர்த்தோடு) சேரும் கண்டென்சர் சூடானதும் கசியத் தொடங்கியிருந்தது. அது நேர்மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும்வரை, உள்ளே உள்ள சில பத்து மில்லிவோல்ட் பிசகு வெளியிலும் சில பத்து மில்லிவோல்ட்டாகவே இருக்கும். கசிந்தால் ஆம்ப்ளிஃபயர் பாட்டைப் பெருக்குகிற மாதிரியே பிசகையும் பெருக்கும். அப்படிப் பெருகி வெளியே ஒன்றரை வோல்ட் நிற்பதைப் பார்த்துத்தான் ரிலே ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தியது. நான் கதவையே பெயர்த்துவிட்டேன். 8 ஓம் பாக்ஸ் என்றாலும் நேர்மின்னோட்டத்துக்கு அதன் காயில் ஆறு ஓம்தான். இணையாகக் கோர்த்த இரண்டும் சேர்ந்து மூன்று ஓம். ஒன்றரை வோல்ட்டுக்கு அரை ஆம்பியர், நிற்காமல். அது ஒரு பக்க டிரான்சிஸ்டரில் மட்டும் இருபது வாட் கூடுதல் சூடு. விடியற்காலையில் அது ஷார்ட் ஆயிற்று. ஆனதும் 42 வோல்ட் முழுவதும் பாக்ஸில். ஆறு ஓம் காயிலில் அது ஏறக்குறைய 300 வாட். டிரான்ஸ்ஃபார்மர் தளர்ந்து கொஞ்சம் குறைந்திருக்கலாம். பாட்டாக இருந்தால் கோன் முன்னும் பின்னும் ஆடி, காயிலுக்குக் காற்றாவது கிடைக்கும். இது வெளியே தள்ளி அப்படியே நிறுத்திவைத்துச் சுட்டது. ஃபியூஸ் இருந்திருந்தால் அப்போதாவது போயிருக்கும். அந்த இடத்தில் யாரோ முறுக்கிய செம்புக் கம்பி. அதை நான் பார்த்திருந்தேன், மாற்றவில்லை.

இரண்டு பாக்ஸும் அவருடையவை அல்ல. பக்கத்து ஊரில் வாடகைக்கு எடுத்தவை. கருகிய வார்னிஷ் நாற்றம் கடைக்குள் ஒரு வாரம் இருந்தது. அண்ணன் திரும்பி வந்து திட்டவில்லை. அந்தத் துண்டுக் கம்பியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டார், அவ்வளவுதான். காயில் சுற்றி, கோன் ஒட்டி, பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க இரண்டு மாதம் ஆனது.

அதன் பிறகு ரிலேயை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். 250 வோல்ட், 10 ஆம்பியர் என்று மேலே போட்டிருப்பது மாறுமின்னோட்டத்துக்கு. அதே ரிலேக்கு நேர்மின்னோட்டத்தில் 30 வோல்ட் என்பார்கள். மாறுமின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணைந்துவிடும். நேர்மின்னோட்டப் பொறி அணையாமல் கன்டாக்ட்டுக்கு நடுவே நெருப்பாக நின்று, பிரிந்த கதவின் வழியே பாக்ஸுக்குப் பாயும். அதனால் நான் மாற்றுகிற ரிலேயில் நடுக் காலைப் பாக்ஸுக்கும், ஓய்வில் ஒட்டியிருக்கும் காலை மண்ணுக்கும் கொடுக்கிறேன். பொறி நீண்டாலும் மண்ணுக்குப் போகும். ஃபியூஸும் ஒழுங்கானதாக இருந்தால் அந்த நேரத்தில் அதன் வேலையைச் செய்யும். சோதனைக்கு இன்றும் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான் முதல் மின்சாரம் கொடுக்கிறேன். மின்னி மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அந்தப் பல்பு கிடைப்பதுதான் இப்போது கஷ்டமாகிவிட்டது, பார்த்த இடத்தில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

அந்த வாடிக்கையாளர் இப்போது தொழிலுக்கு வருவதில்லை, மகன் பார்க்கிறான். போன வைகாசியில் அதிகாலை நாலரைக்கு அவனிடமிருந்து போன், ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து. "அண்ணா, டக் வரவில்லை." பாட்டு வருகிறதா என்று கேட்டேன். போட்டுப் பார்க்கவே இல்லை, ஆஃப் செய்துவிட்டேன் என்றான். மறுநாள் திறந்து பார்த்தபோது ஒரு 1943 ஷார்ட். ரிலேயின் ஆம்ப்ளிஃபயர் பக்கம் 41 வோல்ட், பாக்ஸ் பக்கம் பூஜ்யம். அது மறுநாள். அன்று, பழைய செட் ஒன்றை மாற்றிப் போட்டு, அதன் 'டக்'கையும் காத்திருந்து கேட்டுவிட்டு, போனை அணைக்க மறந்து மேசையில் வைத்துவிட்டான். சீர் தொடங்கி, மங்கல வாழ்த்தும் ஆரம்பித்துவிட்டது. படுக்கையில் கிடந்தபடி கொஞ்ச நேரம் கேட்டேன். ஹம் இல்லை, கரகரப்பும் இல்லை. 'ச' மட்டும் காதைக் குத்தியது. ட்ரெபிளைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.