துண்டு கட்டிய அம்மா

என் தங்கையின் குழந்தைக்கு அப்போது இருபது நாள்கூட நிறையவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர முடியைத் துண்டால் இறுக்கிக் கட்டியபடி வந்த தங்கை, தொட்டிலின் மேல் குனிந்து பேசாமல் நின்றாள். குழந்தையின் பார்வை அவள் முகத்தில் தங்காமல் சன்னல் கம்பிகளின் பக்கம் நழுவியது. "என்னண்ணா, பெத்தவளையே தெரியலையா இவளுக்கு?" என்று அவள் வாய் திறந்ததுதான் தாமதம், குழந்தை சட்டென்று குரல் வந்த பக்கம் திரும்பியது.

தங்கைக்கு மனக்குறைதான், ஆனால் பழி துண்டைச் சேர வேண்டியது. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஓர் அடி தொலைவில் இருப்பதே பனிமூட்டத்தின் ஊடாகப் பார்ப்பதுபோல் மங்கலாகத்தான் தெரியும். கண், மூக்கு, உதடு ஆகியவற்றின் நுணுக்கங்கள் அந்த மங்கலில் கரைந்துபோக, கருமுடியும் நெற்றியும் சந்திக்கும் விளிம்பு மட்டும் எடுப்பாக நிற்கிறது. பிரான்சில் ஒலிவியே பாஸ்காலி குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து நான்கே நாளான குழந்தைகள் அந்நியப் பெண்ணைவிடத் தாயின் முகத்தையே அதிகம் நாடின. இருவர் தலையிலும் துணியைக் கட்டியபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது.

பார்வை என்பது கண் திறந்ததும் கைகூடிவிடும் ஒன்றன்று என்பதை நான் முதலில் உணர்ந்தது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தைப் பற்றிப் படித்தபோதுதான். பிறவியிலேயே கண்புரையுடன் வளர்ந்த இந்தியச் சிறுவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, அதன்பின் அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் திட்டம் அது. 8 முதல் 17 வயது வரையிலான ஐவரை, அறுவைக்குப் பின் இரண்டு நாட்களுக்குள் சோதித்தனர். கையால் தடவி அறிந்த ஒரு கட்டையைக் கண்ணால் மட்டும் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னபோது, அவர்கள் ஏறக்குறைய ஊகித்துச் சொல்லும் நிலையில்தான் இருந்தனர். ஆயினும் சில நாட்களிலேயே அத்திறன் தேறத் தொடங்கியது.

இதைவிட என்னை வியக்க வைத்தவர், ஆய்வுக்கட்டுரையில் எஸ்.கே. என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒருவர். பிறவியிலேயே கண்வில்லை இல்லாதிருந்த அவருக்கு 29-ஆம் வயதில்தான் கண்ணாடி கிடைத்தது. ஒன்றின்மேல் ஒன்று படர்ந்த இரண்டு வடிவங்களைக் காட்டினால், எங்கெல்லாம் கோடு வெட்டுகிறதோ அங்கெல்லாம் அவருக்கு ஒரு தனிப்பொருள் தெரிந்தது. நாம் இரண்டு என்று எண்ணுமிடத்தில் அவருக்கு மூன்று. ஆனால் அவ்வடிவங்களில் ஒன்றை நகர்த்தியவுடன் அவரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. சேர்ந்து நகர்பவை ஒரே பொருளின் பகுதிகள் என்பதுதான் மூளை பற்றிக்கொள்ளும் முதல் பிடிமானம் போலும். மாதங்கள் செல்லச் செல்ல, அசையாத படங்களையும் அவர் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்.

முகத்தின் கதை இத்தனை எளிதன்று. கனடாவில் டாப்னி மோரர் குழுவினர், பிறந்த 2 முதல் 6 மாதங்களுக்குள் புரை அகற்றப்பட்டவர்களை 9 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துச் சோதித்தனர். கண்ணுக்கும் கண்ணுக்கும், மூக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியில் மட்டும் வேறுபடும் முகங்களைப் பிரித்தறிவதில் அவர்கள் அப்போதும் பின்தங்கியே இருந்தனர். சில மாத இருட்டு இத்தனை காலம் நீடிப்பானேன்?

சின்ஹா குழுவினர் 2018-இல் முன்வைத்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது. கூர்மையாகப் பார்ப்பவன் ஒரு மச்சத்தையோ புருவத்தையோ பற்றிக்கொண்டு நின்றுவிடலாம். மங்கலாகப் பார்க்கும் சிசுவுக்கோ முகம் முழுவதையும் ஒரே வீச்சில் அள்ளிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. காலம் தாழ்ந்து பார்வை பெறுபவர்கள் சிசுவைவிடக் கூரிய பார்வையுடன் தொடங்குவதால், அந்த மங்கல் பருவம் அவர்களுக்கு வாய்ப்பதேயில்லை. மூளை நரம்புகளின் இணைப்பை ஒட்டி அமைத்த, பார்த்துப் பார்த்துக் கற்கும் நிரலான கணினி நரம்பு வலைப்பின்னலுக்கு முதலில் மங்கலான முகங்களையும் பிறகு தெளிவான முகங்களையும் காட்டிப் பயிற்றியபோது, அது இருவகை முகங்களையும் நன்கு அறிந்துகொண்டது. கணினி வலைப்பின்னல் மூளையாகிவிடாது என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள எனக்குத் தயக்கமுண்டு. இருந்தும், குறையென்று நாம் எண்ணும் மங்கலே பாடத்தின் முதல் பகுதியாக இருக்கலாம் என்ற எண்ணம் விட்டகல மறுக்கிறது.

குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். தங்கை துண்டு கட்டிக்கொண்டு வந்தாலும் நேரே கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள். சென்ற வாரம் மீசையை எடுத்துவிட்டு வந்த அவள் அப்பாவைத்தான் சற்று நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.