சுங்கை சிப்புட் சலூனில் பெட்டி பூப்

பெட்டி பூப் என்ற பழைய அமெரிக்கக் கார்ட்டூன் பெண்ணின் படத்துக்கு ஒருவர் தலையில் மல்லிகை வைத்துவிட்டிருக்கிறார்! நேற்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பார்த்தேன், சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். சரி, அது வருகிறபோது வரட்டும்.

டாக்சி கதையை மட்டும் விட முடியாது. ஈப்போவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றும் பஸ் வரவில்லை. டாக்சிக்காரர் 80 வெள்ளி (ரிங்கிட்) என்றார், கெஞ்சியதில் 70 ஆனது. பகல் கொள்ளை! இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. ஊரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, நீங்கள் ரயிலில் போங்கள்.

இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே 1948-இல் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதையும், அதையொட்டி வந்த அவசரகாலத்தையும்தான் பேசுவார்கள். எனக்கு இனி அந்த முடிவெட்டும் கடைதான் ஞாபகம் வரும்.

கண்ணாடிக்கு மேலே முருகன். பக்கத்தில் எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி, ஸ்ரீதேவி. அந்த வரிசையிலேயே, பவுடர் படிந்த சட்டத்துக்குள் சிவப்புக் குட்டைக் கவுனில் பெட்டி. உடம்புக்குப் பாதி தலை, தட்டு மாதிரி கண், காதில் வட்ட வளையம். சுருட்டை முடி முடிகிற இடத்தில், கண்ணாடிச் சட்டத்தில் சொருகிய ஒரு துண்டு மல்லிகை.

“அண்ணே, இது யாரு?”

“பேரு தெரியாது தம்பி. அப்பா மாட்டினது. மத்த பொண்ணுங்களுக்குப் பூ வச்சிட்டு இவள மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளைஷரின் கார்ட்டூன் ஸ்டூடியோவில் 1930-இல் பிறந்தவள். முதலில் அவள் பாதி நாய், தொங்கு காதுகூட உண்டு. 1932-இல் அந்தக் காதுகள்தான் வளையங்களாக மாறின. அண்ணனின் கத்திரி நின்றுவிட்டது. “நாயா?” என்று படத்துக்குக் கிட்டே போய்க் காதைப் பார்த்தார்.

1934-இல் ஹாலிவுட் தணிக்கை இறுகியதும் கவுன் நீண்டது, கழுத்து மூடியது என்றேன். “வரைஞ்ச பொண்ணுக்குமா?” என்று பக்கத்து நாற்காலி பெரியவர் சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை சட்டையில் விழுந்தது. உண்மையிலேயே அநியாயம்தான். அதற்குப் பிறகு வந்த படங்களில் அவள் வீட்டு வேலை பார்க்கிற நல்ல பெண், பழைய குறும்பு போயே போய்விட்டது.

எனக்கு அந்தக் குறும்புதான் கவர்ச்சி. 1988-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் வந்த இன்னொரு கார்ட்டூன் பெண் ஜெசிகா ராபிட்டைப் பாருங்கள், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எந்த மனுஷியும் நிற்க முடியாது. அழகைவிட அவள் ஒரு முயலைக் கட்டிக்கொண்டு அதன்மேல் உயிரையே வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். 2009 நவம்பரில் டிவி கார்ட்டூன் அம்மா மார்ஜ் சிம்ப்சன் பிளேபாய் என்ற கவர்ச்சிப் பத்திரிகையின் அட்டையில் வந்ததைச் சொன்னேன். “அந்த நீலக் கொண்டையா? மூணு புள்ள பெத்தவளாச்சே!” என்றார் அண்ணன். அவர் குரலில் மரியாதைதான் கூடியிருந்தது.

முடிவெட்ட 12 வெள்ளி. எதிர்க் கடையில் வாழையிலைச் சோறும் கம்போங் கோழி என்கிற நாட்டுக்கோழிக் குழம்பும் 11 வெள்ளி. மிளகு தூக்கலான குழம்பு. அடியில் கிடந்த ஈரலையும் எனக்கே போட்டார் அந்த அக்கா. டாக்சிக் கோபம் அங்கேதான் தணிந்தது.

கையில் காசு குறைவுதான். இருந்தும் 3 வெள்ளிக்கு மல்லிகை வாங்கிக்கொண்டு சலூனுக்குத் திரும்பினேன். அண்ணன் முதலில் முருகனுக்கு வைத்தார். காய்ந்த துண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெட்டிக்குச் சொருகினார்.

“சரோஜாதேவிக்கு?” என்றார் பெரியவர்.

“அவங்களுக்கு நாளைக்கு.”