ஈஎஸ்பி32-ல் ஒரு 25 நிமிட டைமர்

ஈஎஸ்பி32 போர்டு (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு மைக்ரோகன்ட்ரோலர்), புஷ் பட்டன், எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர், ஆக்டிவ் பஸ்ஸர் மாட்யூல் (மின்சாரம் கொடுத்தாலே ஒலிக்கும் வகை): எல்லாமே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். பஸ்ஸரை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பாசிவ் வகை மாட்டினால் ஒரு ‘டிக்’ சத்தத்தோடு நின்றுவிடும்.

போர்டில் எஸ்ப்ருய்னோ என்ற ஃபர்ம்வேரை (அடிப்படை மென்பொருள்) ஏற்றினால் ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாக ஓடும். பட்டனின் ஒரு காலை டி4 பின்னுக்கும் மறுகாலை கிரவுண்டுக்கும் கொடுத்து, உள் புல்அப்பை (பட்டனை அழுத்தாதபோது பின்னை ‘ஹை’யில் வைத்திருக்கும் ரெசிஸ்டர்) இயக்குங்கள். (34 முதல் 39 வரையிலான பின்களில் அந்த வசதியே கிடையாது.) உள்ளே தகடு துள்ளுவதால் ஒரே அழுத்தம் மூன்றாகப் பதிவாகும், பட்டனைக் கவனிக்கும் செட்வாட்ச் ஃபங்ஷனில் டிபவுன்ஸ் (துள்ளல் அடங்கக் காத்திருக்கும் நேரம்) 50 மில்லிவிநாடி கொடுத்தால் அடங்கிவிடும்.

விநாடிகளை ஒவ்வொன்றாகக் கழிக்கவே கழிக்காதீர்கள், பிசகு சேர்ந்துகொண்டே போகும். தொடக்க நேரத்தோடு 1500 விநாடியைக் (25 நிமிடம்) கூட்டி வைத்து, இப்போதைய நேரத்தை விநாடியில் தரும் கெட்டைம் மதிப்போடு ஒப்பிடுங்கள். கடைசியில், நிரலை போர்டிலேயே பதிந்து வைக்கும் சேவ் கட்டளையைக் கொடுக்க மறந்தால், கரண்ட் போனதும் நிரலும் போய்விடும்.