மாற்று எரிபொருள் நிலையங்களை எங்கே அமைப்பது?

ஹைட்ரஜனிலோ மின்சாரத்திலோ ஓடும் வண்டிகளுக்கான நிலையங்களை, மக்கள் மிகுந்து வாழும் இடங்களில் அமைத்துவிட்டால் போதும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பள்ளிக்கு இடம் தேடும்போது பொருந்தும் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. எரிபொருள் நிரப்புவதற்கென்றே வீட்டிலிருந்து கிளம்புவோர் அரிது; வேறு வேலையாகப் போகும் வழியில்தான் நிரப்பிக்கொள்கிறார்கள். ஆகவே தேவையைப் பயணப் பாதைகளில்தான் அளக்க வேண்டும். 1990-இல் ஆய்வாளர் ஹாட்ஜ்சன் முன்வைத்த கணித மாதிரி அவ்வாறே அளந்தது. ஆனால் பாதையில் எங்கேனும் ஒரு நிலையம் இருந்தாலே அந்தப் பயணத்தின் தேவை நிறைவேறியதாகக் கொண்டது. 2005-இல் கியூபியும் லிம்மும் வண்டியின் ஓடுதூர வரம்பையும் சேர்த்தபோதுதான் சிக்கலின் ஆழம் தெரிந்தது.

ஒருமுறை நிரப்பினால் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 120 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே போய்த் திரும்ப வேண்டும் என்று கொள்வோம். நட்டநடுவில் நிலையம் அமைத்தால், அங்கே நிரப்பிக்கொண்டு ஏதேனும் ஓர் ஊருக்குப் போய் மீண்டும் அதே நிலையத்தை அடைய 120 கிலோமீட்டர் ஓட வேண்டும், முடியாது. நிலையத்தை ஒருபக்கமாக நகர்த்தினால் மறுபக்கத் தூரம் இன்னும் கூடிவிடும். ஆனால் 40-ஆவது, 80-ஆவது கிலோமீட்டர்களில் இரண்டு நிலையங்கள் இருந்தால் தடையே இல்லை. தனித்தனியே ஒரு பயணத்துக்கும் உதவாத இரண்டும் சேர்ந்து எல்லாப் பயணங்களையும் தாங்குகின்றன. எனவே, ஒவ்வொரு படியிலும் உடனடிப் பயன் மிகுந்த ஓரிடத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் எளிய வழிமுறை, இப்படிப்பட்ட பாதையில் முதல் நிலையத்தையே தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடக்கூடும். நிலையங்களைக் கூட்டம் கூட்டமாக எடைபோட வேண்டியிருப்பதால்தான் பெரிய வலையமைப்புகளில் கணினியும் திணறுகிறது.

இன்னொன்றும் என்னை வியக்க வைத்தது. மக்கள் நிலையத்துக்குச் செல்லும் சராசரித் தூரத்தைக் குறைக்கும் கணக்கில், நிலையத்துக்கான இடங்களாக ஊர்களையும் சாலைச் சந்திப்புகளையும் மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று 1964-இல் ஹக்கிமி நிறுவினார். இங்கே அது செல்லாது: ஊர்களின் இடைவெளி 100 கிலோமீட்டராக இருந்தால், இரு முனைகளிலும் வைக்கும் இரண்டு நிலையங்களின் வேலையை நடுச்சாலையில் உள்ள ஒன்றே செய்துவிடும்.

எதை அதிகமாக்க முயல்வது என்பதும் முடிவை மாற்றும். பயணங்களின் எண்ணிக்கையை மட்டும் கருதினால் குறும்பயணங்கள் மிகுந்த நகரங்கள் முந்தும். அதைத் தூரத்தால் பெருக்கினால் நெடுஞ்சாலைகளுக்கு எடை கூடும். புகையைக் குறைப்பதே நோக்கம் என்றால் இரண்டாவதே சரி என்பது என் கருத்து. ஓட்டுநர்கள் சற்றே விலகிச் சென்றும் நிரப்புவார்கள் என்பதைக் கிம்மும் கியூபியும் 2012-இல் சேர்த்தனர். அவ்வாறு சேர்க்கையில், அருகருகே செல்லும் இரு பாதைகளுக்கு ஒரே நிலையம் பயன்படக்கூடும் என்பதால், தேவைப்படும் நிலையங்களின் எண்ணிக்கையே குறையலாம்.