முதல்வருக்குப் புள்ளடி இல்லை

"மாநகர முதல்வருக்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது?" என்று 2025 மே 6 அன்று யாழ்ப்பாண மாநகர சபைத் தேர்தலில் வாக்களிக்கப் போகும் வழியில் மாமி கேட்டார். அப்படி ஒரு கட்டமே இல்லை. எங்கள் புள்ளடி வட்டாரத்தில் நிற்கும் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ விழுகிறது; முதல்வரைப் பிறகு உறுப்பினர்கள்தான் தெரிவுசெய்கிறார்கள்.

நூற்றுக்கு 60 உறுப்பினர் வட்டாரங்களிலிருந்தும், 40 கட்சிகள் பெற்ற வாக்கு விகிதாசாரப்படியும் வரும் கலப்பு முறையில் அறுதிப் பெரும்பான்மை எளிதில் கிடைப்பதில்லை. யாழ்ப்பாண மாநகர சபையில் 45 ஆசனங்கள்; இம்முறையும் எவருக்கும் 23 கிடைக்கவில்லை. பிறகென்ன, கூட்டல் கழித்தல்தான்.

2020 டிசம்பரை மறக்க முடியுமா? வரவுசெலவுத் திட்டம் சபையில் இரண்டு தடவை தோற்றதால் அப்போதைய முதல்வர் ஆர்னல்டின் பதவி போனது. மறுபடி நடந்த முதல்வர் தெரிவில் மணிவண்ணனுக்கு 21, ஆர்னல்டுக்கு 20. ஒரே ஒரு வாக்கு! எங்கள் ஒழுங்கையில் அதைத் துடுப்பாட்ட முடிவைப் போலப் பேசினார்கள்.

எனக்கு இந்த முறையில் முழு வெறுப்பில்லை. நூற்றுக்கு 25 பெண்கள் என்ற ஒதுக்கீடு நல்லது. ஆனால் மாமிக்குச் சமாதானமில்லை: "அப்ப மாரியில் வாய்க்கால் நிரம்பினால் யாரைப் போய்க் கேட்பது?" வட்டார உறுப்பினரைத்தான் என்றேன். அவருடைய தொலைபேசி இலக்கத்தை இப்போதே வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்.