வகைமையின் வேலிக்கு வெளியே

அமெரிக்கக் கறுப்பினப் பாப் பாடகி பியான்சேயின் ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பம் 2024 மார்ச் 29 அன்று வெளிவந்தபோது, இது கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய மரபு) இசைதானா என்ற கேள்வியே பலருக்கு முதலில் எழுந்தது. ஆனால் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாடலை ஹெட்போனில் கேட்டால், தொடக்கத்திலேயே ரியானன் கிடென்ஸின் பான்ஜோ அதற்கு விடை சொல்லிவிடுகிறது. கன்ட்ரி இசையில் ஒலிக்கும் அந்த நரம்பிசைக் கருவி, அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் மரபில் உருவானது.

‘பிளாக்பேர்ட்’ பாடலில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1968இல் பதிவுசெய்த கிதாரும் கால்தட்டலும் அப்படியே ஒலிக்க, அவற்றின்மீது நான்கு இளம் கறுப்பினப் பாடகிகளின் குரல்கள் பியான்சேயின் குரலோடு மெல்லப் படியும் இடம் என்னை நெகிழவைத்தது.

குறைகளும் உண்டு. 27 தடங்கள் மிக அதிகம். பிற்பகுதியில் தொய்வு தெரிகிறது. கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ பாடலில், தன்னவனைப் பறித்துக்கொள்ளாதே என்று இன்னொரு பெண்ணிடம் கெஞ்சும் மன்றாடலை எச்சரிக்கையாக மாற்றியதில், அசலுக்கு உயிர்கொடுத்த இயலாமையே காணாமற்போய்விட்டது.

1970இல் ஒரேயொரு கன்ட்ரி ஆல்பம் வெளியிட்ட கறுப்பினப் பாடகி லிண்டா மார்ட்டெல், இந்த ஆல்பத்தில் வகைமைகளைப் பற்றிப் பேசுகிறார். அந்தச் சில நொடிகளுக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.